ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு

கண்ணமங்கலத்தில் பொழுது மற்ற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே சாயும். மேற்கே ஜவ்வாது மலை. வேலூர்க் கோட்டைமேல் வெயில் இன்னும் மஞ்சளாய்க் கிடக்கும்போதே இங்கே சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். அதற்கப்புறம் அரை மணி நேரம் ஒரு வெளிச்சம் நிற்கும். நிழல் விழாத, யார் கண்ணையும் கூச வைக்காத வெளிச்சம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஸ்டுடியோக்காரர் வெளியில் எடுக்க வேண்டிய படங்களையெல்லாம் அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைப்பார். கல்யாணக் கூட்டமானாலும் சரி, பள்ளிக்கூட வாத்தியார்களின் குரூப் போட்டோவானாலும் சரி, "மலை வெளக்க அணைச்சப்புறம் வாங்க" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டுடியோ செல்போன் ரீசார்ஜ் கடையாகி, அதுவும் மாறி, இப்போது அங்கே மதியத்தில் பிரியாணி போடுகிறார்கள். அந்த அரை மணி வெளிச்சம் மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை. அதை நம்பித்தான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன்.

யாஷிகா மேட் 124 ஜி. சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒருவரிடம் வாங்கியது. ஜப்பானில் 1970இலிருந்து 1986 வரை இந்த மாடலைச் செய்தார்கள். அந்தக் கம்பெனியின் இரட்டை லென்ஸ் கேமராக்களில் இதுதான் கடைசி. தோல் உறையின் உட்புறத்தில் யாரோ ஊசியால் ஊர்ப் பெயரைக் கீறியிருக்கிறார்கள். தேய்ந்துபோய் 'பட்டு' என்ற கடைசி எழுத்துகள்தான் மிச்சம். சேத்துப்பட்டு, செங்கற்பட்டு, எங்கள் ரயில் பாதையில் வரும் சேதாரம்பட்டு, எதுவாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு ஊரின் கல்யாணங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறது.

இதில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. கேமராவை வயிற்றோடு அணைத்து, தலையிலுள்ள மூடியைத் திறந்து, உள்ளே தேய்த்த கண்ணாடியில் விழும் உருவத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஆரணிக்குப் போகிற பஸ் வேலூருக்குப் போகும். ஆளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவர நினைத்துத் திருப்பினால் ஆள் சட்டத்தை விட்டே வெளியேறிவிடுவார். கை பழகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். பழகியபின் சாதாரணக் கேமராவில் பார்ப்பதுதான் தலைகீழாகத் தோன்றும்.

வெளிச்சம் அளக்க உள்ளேயே ஒரு மீட்டர் உண்டு. அதற்கான மெர்குரி செல்லை இப்போது யாரும் செய்வதில்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் சிறு செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய அதற்குச் சமம் என்பதால், வேலூரில் அந்தக் கருவி விற்கும் கடையில்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முதல் தடவை, "அப்பாவுக்குங்களா?" என்று கேட்டார். கேமராவுக்கு என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பில் போட்டார்.

120 ரோல் என்றால் நீளமோ அகலமோ 120 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. 1901இல் கோடாக் தன் பிரௌனி கேமரா ஒன்றுக்காக விட்ட ரோலுக்குப் பின்னால் வைத்த வரிசை எண் அது. டப்பா கிடையாது, காகித முதுகு ஒட்டிய ஃபிலிமை ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குச் சுற்ற வேண்டும். முடிந்ததும் ஓரத்துப் பசைக் காகிதத்தை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். சதுரப் படமாக எடுத்தால் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு நெகட்டிவும் பக்கத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சின்ன 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப்போல மூன்றரை மடங்கு பரப்பு.

இந்த மூன்றரை மடங்கில்தான் ஒரு ஆளின் பிழைப்பு இருந்தது.

ஸ்டுடியோக்காரரின் தம்பிக்கு டச்சப் வேலை. நாங்கள் அவரை டச்சப் அண்ணன் என்போம். முன்னறையில் அண்ணன்காரர் படம் எடுப்பார். தம்பி பின்னறை ஜன்னலோரம் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மேசையின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைமேல் நெகட்டிவ், அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே தள்ளும் ஒரு கண்ணாடி. நெகட்டிவின்மேல் 'மீடியம்' என்ற திரவத்தைப் பஞ்சால் தடவுவார், டர்பன்டைன் வாசம் அறை முழுக்க அடிக்கும். பிறகு உப்புத்தாளில் உரசி ஊசியாக்கிய பென்சில் முனையால், தொட்டும் தொடாமலும், புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் முகத்தின் பள்ளமும் கோடும் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகிவிடும். கண்ணுக்குக் கீழே கருமை, நெற்றிச் சுருக்கம், எல்லாம் அப்படிப் போகும்.

அவர் கைக்கு அதிகம் வந்தது அம்மைத் தழும்பு. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975இல்தான் போனது. அது விட்டுப்போன முகங்கள் எண்பதுகளில் கல்யாண வயதில் இருந்தன. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் படத்துக்காகத் தாயும் பெண்ணும் வருவார்கள். தாய் ஒன்றும் சொல்லமாட்டார், பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். டச்சப் அண்ணன் எல்லாத் தழும்பையும் எடுக்கமாட்டார். கன்னத்தில் ஒன்றிரண்டை விட்டுவைப்பார். "நேர்ல பாக்கறப்ப ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிடக் கூடாதில்ல" என்பார். எவ்வளவு மறைப்பது, எவ்வளவு விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்த அந்த அறத்தை, இன்றைக்குச் செல்போன் தானாகவே முகத்தைப் பளிங்காக்கித் தரும்போது நினைத்துக்கொள்கிறேன்.

முன்னறையில் ஒரு திரை. ஏரி, மாடிப்படி, தூரத்தில் ஒரு பங்களா. எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி ஒரு பங்களாவும் இல்லை, நாகநதியில் அவ்வளவு தண்ணீர் தொடர்ந்து நின்றதும் இல்லை. சுவரில் கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கும் சீப்பு, பவுடர் டப்பா. படத்துக்கு வருபவர்கள் முதலில் இந்தக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அப்புறம் நாற்காலி. ஸ்டுடியோக்காரர் வந்து மோவாயை இரண்டு விரலால் தொட்டு நிமிர்த்துவார். "தோள எறக்கு. மூச்ச விட்டுடு. இப்ப நிறுத்து." இரண்டு பெரிய பல்புகள் எரியும்போது முகத்தில் சூடு தெரியும். சிரிக்கச் சொன்ன ஞாபகமே இல்லை.

பூப்பெய்திய பெண்ணையும் வளைகாப்புப் பெண்ணையும் நிறுத்தும்போது பின்னால் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். முன்னால் முகம், கண்ணாடிக்குள் தாழம்பூவும் மல்லியும் வைத்துத் தைத்த ஜடை, இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். கேமராவோ பல்போ கண்ணாடியில் தெரிந்துவிடக் கூடாது. அந்தக் கோணம் பிடிக்க அவருக்கு நேரமாகும். தைத்த பூவின் பாரத்தில் பெண்ணின் கழுத்து நோகும். ஆனாலும் யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். பூப்பெய்திய பெண்களில் பலருக்கு அதற்கு முன்னால் எடுத்த படம் கிடையாது. அதற்குப் பின்னால் கல்யாணப் படம் ஒன்று, சாவில் ஒன்று.

சாவுப் படத்தைப் பற்றி இப்போது சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பெரியவர் இறந்தால் குளிப்பாட்டி, விபூதி பூசி, நாற்காலியில் வைத்துத் துணியால் கட்டி உட்கார வைப்பார்கள். சுற்றிலும் மகன்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள். ஸ்டுடியோக்காரர் ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார். உயிரோடு இருப்பவர்களில் யாராவது ஒருவர் அசைந்து கலங்கலாய் விழுவார், இறந்தவர் மட்டும் தெளிவாக இருப்பார். எங்கள் பாட்டிக்கு அந்த ஒரு படம்தான். இருந்தவரை யாரும் அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகவில்லை.

ஸ்டுடியோக்காரருக்கு வருமானம் மூன்று வழியில் வந்தது. ஆடி வெள்ளிகளில் வேலூர்ப் பக்கத்திலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டம், மொட்டையும் சந்தனமுமாகத் திரும்பும் பிள்ளைகள். அடுத்தது பட்டாளத்தார்கள். எங்கள் சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பது வழக்கம். கம்மவான்பேட்டைக்கு அதனால் ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு. லீவு முடிந்து ரயிலேறும் முன் யூனிஃபாரத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதை வாங்க வரும் அம்மாக்கள் காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து எண்ணுவார்கள். சில படங்கள் பின்னால் பெரிதாக்க வரும், மாலை போடுவதற்கு. மூன்றாவது, பட்டு நெசவாளர்கள். ஒண்ணுபுரத்திலும் ஆரணியிலும் தறி நன்றாக ஓடிய வருடத்தில் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருவார்கள்.

இந்த வரிசையில் வராதவர்களையும் சொல்ல வேண்டும். மலையிலிருந்து சாமையும் தேனும் புளியும் கொண்டு இறங்கும் மலையாளிப் பழங்குடியினர் ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த படங்களை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. காலனி ஆட்களும் அப்படித்தான். அவர்களில் நிறையப் பேரின் முதல் படம், 1993இல் சேஷன் காலத்தில் தேர்தல் ஆணையம் கொண்டுவந்த அடையாள அட்டைக்காக எடுத்தது. யார் முகம் என்று அவர்களுக்கே தெரியாத கறுப்புப் படம். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் அந்த அட்டையை எடுத்துக் காட்டலாம்.

ஆனால் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு ஒரு நியாயம் இருந்தது. வந்து நிற்பவர் யாராயிருந்தாலும் போட்டோக்காரர் அவர் முன் தலை குனிந்தாக வேண்டும். கண்ணில் வைத்துக் குறிபார்க்கிற கேமரா இல்லை இது. வயிற்று உயரத்திலிருந்து பார்ப்பதால் நிற்பவர் கொஞ்சம் ஓங்கித் தெரிவார். எங்கள் வீட்டுப் பழைய படங்களில் சோற்றுக்கே வழியில்லாதிருந்த என் தாத்தா ஜமீன்தார் மாதிரி நிற்கிறார். அதில் பாதி அவருடைய நிமிர்வு, மீதி கேமராவின் உயரம்.

ஃபிலிம் கிடைப்பது அன்று பெரும் பாடு. கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்வோ வந்தது. நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. அதன் 'இந்து' ரோலும் பேப்பரும்தான் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களை ஓட்டின. தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டுமென்று மலைமேல் கட்டிய ஆலை அது. அங்கே குளிரில் செய்த சரக்கை இங்கே வட ஆற்காட்டுச் சித்திரை வெயிலில் டெவலப் செய்ய வேண்டும். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். எங்கள் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தாண்டும். ராத்திரியெல்லாம் மண்பானையில் ஆறிய தண்ணீரை விடியற்காலையில் எடுத்து வேலையை முடித்துவிடுவார் ஸ்டுடியோக்காரர். நான் இன்றைக்கும் அதே மண்பானை முறையைத்தான் கையாளுகிறேன், கூடவே பிரிஜ்ஜிலிருந்து கொஞ்சம் ஐஸ். ஊட்டி ஆலை வருடக்கணக்காக நலிந்து, ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடப்பட்டது. இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊட்டியில் நிற்கிறது.

எங்கள் மலைக்கு அந்தப்புறம் காவலூர் வானாய்வகத்திலும் அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்கப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த படங்களில்தான் 1988 பிப்ரவரி 17இல் ஒரு சிறுகோள் சிக்கியது; அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஸ்டுடியோக்காரருக்கு இது பேப்பரில் வந்தபோது பெருமை தாங்கவில்லை. "நம்ம மலையிலயே ஒரு டார்க் ரூம் இருக்குது பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் தொழில் சாயத் தொடங்கியது. கலர் லேப் வேலூருக்கு வந்தது. எல்லாரும் 35 மில்லிமீட்டருக்கு மாறினார்கள், ஒரு ரோலுக்கு முப்பத்தாறு. தபால்தலை அளவு நெகட்டிவில் பென்சில் வைக்க முடியாது. முதலில் போனது டச்சப் மேசை. டார்க் ரூம் சாமான் அறையாயிற்று. ரோலை மஞ்சள் கவரில் போட்டு லேபுக்கு அனுப்பி வாங்கித் தருகிற ஏஜென்டாக ஸ்டுடியோக்காரர் மாறினார். அப்புறம் டிஜிட்டல் வந்தபோது மாறுவதற்கு அவரிடம் வயதும் இல்லை, காசும் இல்லை.

நெகட்டிவ்கள் பிஸ்கட் டின்களில், வருட வாரியாக, பரணில் இருந்தன. வேலூரில் ஆஸ்பத்திரிகள் அதிகம் என்பதால் பழைய எக்ஸ்ரே வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் சைக்கிளில் சுற்றுவார்கள். எக்ஸ்ரேயோ நெகட்டிவோ, அவர்களுக்கு வேண்டியது அதிலுள்ள வெள்ளி. கடையைக் காலி செய்தபோது டின்கள் எடைக்குப் போயின. பெரிய ஊர்களில் அதற்கு முந்தைய கண்ணாடி நெகட்டிவ்களையே கழுவிச் சாமிப் படத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து காக்கும் பணியொன்று நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியும் அதற்கு இருந்தது. அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதற்குள் எங்கள் ஊர் உருகிவிட்டது.

மீட்டர் கேஜ் ரயிலும் அந்த டின்களோடு போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிய அந்தக் குட்டி வண்டி கண்ணமங்கலம் பிளாட்பாரத்தில் நிற்க, பட்டாளத்தார்கள் டிரங்குப் பெட்டியோடு ஏறும் படங்களை ஸ்டுடியோக்காரர் எடுத்திருந்தார். இப்போது அகலப்பாதை. ஸ்டேஷனில் நின்று குனிந்து பார்த்தால் தேய்த்த கண்ணாடியில் மஞ்சள் பலகை தெரிகிறது, மலை தெரிகிறது. யாரையாவது நிறுத்தி எடுக்கலாம் என்றால், நிற்கிறார்கள். நின்ற மறுகணம் நகர்ந்துவிடுகிறார்கள். நான் ஃபோகஸ் திருப்பி முடிப்பதற்குள், "எடுத்தாச்சுங்களா, காட்டுங்க" என்கிறார்கள். கேமராவின் முதுகைத் தேடுகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. கேமரா எனக்குக் கிடைத்துவிட்டது, ரோலும் விலை கொடுத்தால் கிடைக்கிறது. மூச்சை நிறுத்தி நிற்கத் தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை.

டச்சப் அண்ணன் இருக்கிறார். கண்ணில் புரை எடுத்து, மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வேகத்தில் வைத்துக் காதோரம் தட்டிக் கேட்டார். "ஒரு செகண்டு லேசா இழுக்குது. உள்ள ஆயிலு காஞ்சிருக்கும்" என்றார்.

"ஒங்கள ஒரு படம் எடுத்துக்கட்டுமாண்ணே?"

"இரு" என்று உள்ளே போனவர் வர நேரமாயிற்று. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி. நாற்காலி ஒன்றை இழுத்துத் திண்ணை ஓரம் போட்டார். உட்காரவில்லை, முதுகுச் சட்டத்தின்மேல் ஒரு கையை வைத்துப் பக்கத்தில் நின்றார். எதிர்ச் சுவரிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொஞ்சம் திருப்பினார், யோசித்து, இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இன்னா ஃபிலிமு?"

"நூறு ஏ.எஸ்.ஏ.ண்ணே."

"அப்ப அஞ்சு பாயிண்டு ஆறு, நூத்தி இருவத்தஞ்சு. மீட்டர பாக்காத."

மீட்டர் வேறு சொன்னது. அவர் சொன்னதையே வைத்தேன். குனிந்தேன். கண்ணாடிக்குள் அவர் தோள் இறங்கியது, மூச்சு விட்டார், நிறுத்தினார். அழுத்தினேன். அடுத்ததற்கு நான் கைப்பிடியைச் சுற்றுவதைப் பார்த்து, "எதுக்கு?" என்றார்.

"சேஃப்டிக்கு இன்னொண்ணுண்ணே."

"நானும் கண்ண சிமிட்டல, நீயும் ஆட்டல. அப்புறம் இன்னா?" சட்டையைக் கழற்றி மடிக்கப் போய்விட்டார்.

டெவலப் செய்து எடுத்துப் போனபோது பிரிண்டை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நெகட்டிவை வாங்கி, ஓரத்தைப் பிடித்து, வானத்துக்கு நேராக வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வேல இருக்குது. குடுத்துட்டுப் போ."

"பென்சிலு, மீடியம் எல்லாம் இப்ப எங்கண்ணே கெடைக்கும்?"

"அத நான் பாத்துக்கறன். நீ வெள்ளிக்கெழம வா."